ஜீப்பைக் காப்பாத்துறேன்னு கொல்லாதீங்க



இந்தத் தடவை மாங்காய் விலை, மழை, ஆள் பற்றாக்குறை எதுவும் கிடையாது. பழைய ஜீப்பைப் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் கோபமாத்தான் எழுதப் போறேன். இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருன்னு இருக்கீங்க. சில பேருக்கு உறைக்கும். உறைக்கட்டும்.

விசயம் இதுதான். போடி, தேவாரம், கோம்பைன்னு எங்க மலையடிவாரப் பக்கம் ஓடிக்கிட்டிருந்த பழைய மஹிந்திரா ஜீப்புகள் ஒவ்வொண்ணா பட்டணத்துக்குப் போய்க்கிட்டிருக்கு. வாங்க வர்றவங்க எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றாங்க: "ரெஸ்டோர் பண்ணப் போறேண்ணே." மீட்டெடுக்கிறாங்களாம். காட்டுக்கும் வீட்டுக்கும் தினம் போய்வந்துக்கிட்டிருக்கிற வண்டியை எதுல இருந்து மீட்டெடுக்கிறாங்கன்னு எனக்கு விளங்கலை. வேலை செய்யிறதுல இருந்து மீட்டெடுக்கிறாங்கன்னுதான் வச்சுக்கணும்.

என்கிட்ட இருக்கிறது 1993 மாடல் எம்.எம்.540. மூணாவது கைக்கு வந்த வண்டி. 2004ல வாங்கினேன். அப்ப ரெண்டு புது பைக் வாங்குற காசுதான் ஆச்சு. மூணு ஏக்கர்காரனுக்கு ஜீப்பு எதுக்குடான்னு சொந்தக்காரங்க சிரிச்சாங்க. மூணு ஏக்கர்ல ஒண்ணரை ஏக்கர் மலையை ஒட்டிக் கிடக்கு. அங்க போற பாதையில மழை பெஞ்சா மாட்டு வண்டியே திணறும். இலவங்காய் மூட்டை, மாங்காய்ப் பெட்டி, எரு, உர மூட்டை, காயில் கட்டக் கொண்டு போற தண்ணி மோட்டார், எல்லாம் இந்த வண்டியிலதான் ஏறி இறங்கியிருக்கு. 20 வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்குக் காலையிலயும் போயிட்டு வந்தேன்.

எங்க ஊருக்கு மேல ஒரு சிற்றூர் இருக்கு. தார் ரோடு முடியிற இடத்துல இருந்து ஆறு கிலோமீட்டர் கல்லும் ஓடையும்தான். 108 வண்டி தார் ரோடு முடியிற வரைக்கும் வரும். அதுக்கு மேல அந்த டிரைவர் தம்பி நினைச்சாலும் ஏத்த முடியாது. பிரசவ வலி, பாம்புக்கடி, நெஞ்சு வலின்னா மேல இருந்து கீழ கொண்டு வர்றது ஜீப்பு. ஜீப்பு கிடைக்கலைன்னா டோலி கட்டித் தோளுல தூக்கிக்கிட்டு வரணும். ஜீப்புல 40 நிமிசம், டோலியில மூணு மணி நேரம். முன்னாடி எங்க பக்கம் ஏழு ஜீப்பு இருந்துச்சு. இப்ப என்னோடதையும் சேர்த்து ரெண்டு. மத்த அஞ்சும் துருப்பிடிச்சு செத்துப் போகலை. நல்லா ஓடிக்கிட்டிருந்தப்பவே விலைக்குப் போச்சு. வித்தவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். மக கல்யாணம், போர்வெல் கடன், ஆயிரம் இருக்கும். நான் கேக்கிறது வாங்கிட்டுப் போனவங்களை. கொண்டு போய் என்ன செஞ்சீங்க?

அதைச் சொல்றதுக்கு முன்னாடி, ஜீப்புன்னா என்னன்னு ஒரு வார்த்தை பேசிடுவோம். ஏன்னா பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது.

1940ல அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன, லேசான, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேணும்னு கம்பெனிகளைக் கேட்டுச்சு. மாதிரி வண்டி குடுக்க 49 நாள் கெடு. பேண்டம்ங்கிற சின்னக் கம்பெனி ஒண்ணுதான் அந்தக் கெடுவுக்குள்ள வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துச்சு. ஆனா பெரிய ஆர்டரு வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும் போச்சு. உலகப் போர் முடியறதுக்குள்ள ரெண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளிட்டாங்க. வில்லீஸ் எம்.பி. வண்டியில இருந்தது 2,199 சிசி பெட்ரோல் எஞ்சின், 60 குதிரை சக்தி. அவ்வளவுதான். இன்னைக்குச் சின்னக் குடும்பக் கார்லயே அதை விட அதிகம்.

பிறகு ஏன் உலகம் பூரா அது பேர் வாங்குச்சு? சண்டைக்களத்துல, சேத்துக்குள்ள, மெக்கானிக் படிப்பு படிக்காத சிப்பாய் கையில ரெண்டு மூணு ஸ்பேனரை வச்சுக்கிட்டே சரி பண்ணிக்கலாம். ஒரு வண்டி பாகத்தைக் கழட்டி இன்னொரு வண்டியில மாட்டலாம். அதுக்காகவே செஞ்ச வண்டி அது. மஹிந்திரா கம்பெனி 1947ல பம்பாயில அந்த வில்லீஸ் வண்டியைப் பாகமா இறக்கிக் கோத்து விக்க ஆரம்பிச்சது. அப்புறம் இங்கயே செஞ்சாங்க. டீசல் காலம் வந்தப்ப சி.ஜே.500டி மாதிரி வண்டிகள்ல டிராக்டர் எஞ்சின் வம்சத்துல வந்த டீசல் எஞ்சினைப் போட்டாங்க. எம்.எம்.540ல பிரெஞ்சுக் கம்பெனி பியூஜோவோட எக்ஸ்.டி.பி. டீசல் எஞ்சின், 2,112 சிசி. எஞ்சின் மாறுச்சு, முகம் கொஞ்சம் மாறுச்சு. ஆனா உள்ளே இருக்கிற நியாயம் மாறலை. சேஸ் தனி, பாடி தனி. முன்னும் பின்னும் இரும்புப் பிளேட்டுக் கட்டு. கியர் கம்பி பக்கத்துல ரெண்டு குட்டிக் கம்பி. ஒண்ணு முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கும், இன்னொண்ணு வேகத்தைக் குறைச்சு இழுவையைக் கூட்டும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கண்ணால பார்த்து, காதால கேட்டு, கையால தொட்டுப் பார்த்தே எங்க கோளாறுன்னு கண்டுபிடிச்சிடலாம்.

அதனால நான் சொல்றேன், ஜீப்போட உசுரு அதோட மூஞ்சியில இல்லை. எட்டாவது, பத்தாவது படிச்சவன்கூடத் திறந்து பார்த்துப் புரிஞ்சுக்கலாம்ங்கிற அந்த அமைப்புலதான் இருக்கு. அதைக் கெடுக்கிற எந்த வேலைக்கும் ரெஸ்டோர்னு பேரு வைக்காதீங்க.

இப்ப பட்டணத்துல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். எங்க பக்கத்துல இருந்து போன ஒரு வண்டியைப் போன வருசம் ஒரு கல்யாண மண்டப வாசல்ல பார்த்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வந்திருந்துச்சு. பின்னாடிப் பலகையில பழைய வெல்டு தழும்பு இருந்ததால அடையாளம் தெரிஞ்சது. அந்த வெல்டு வச்சப்ப நான் பக்கத்துல நின்னேன்.

முதல்ல டயரு. இந்த வண்டிக்குக் கம்பெனி குடுத்தது 6.00-16. ஒல்லியா இருக்கும். பார்க்கிறவனுக்கு அது அழகா தெரியாது. ஆனா ஒல்லி டயருதான் சேத்தைக் கிழிச்சுக்கிட்டுக் கீழ கெட்டித் தரையைப் பிடிக்கும். அதைக் கழட்டிட்டு டிராக்டர் மாதிரி கொழுத்த டயரைப் போடுறாங்க. கனம் கூடினா ஆக்ஸில், ஜாயிண்ட் கிராஸ், கிங்பின் பேரிங், ஸ்டியரிங் ராடு எல்லாத்துக்கும் தாங்க முடியாத சுமை. டிரம் பிரேக் அந்தச் சக்கரத்தை நிறுத்தத் திணறும். உயரம் கூட்டுறேன்னு பிளேட்டுக்கு அடியில கட்டை குடுக்கிறாங்க. வளைவுல சாயிற வண்டியை இன்னும் சாய வைக்கிறதுக்கா?

அடுத்து அந்த ரெண்டு குட்டிக் கம்பி. நான் பார்த்த வண்டியில முன் ஜாயிண்டே இல்லை. "சத்தம் வருதுன்னு கழட்டிட்டோம் சார்"னு டிரைவர் சொன்னார். நாலு சக்கரம் இழுக்காத ஜீப்பு எப்படி ஜீப்பாகும்? காளைக்குக் கொம்பு சீவிப் பொட்டு வச்சு, கால் நரம்பை வெட்டி விட்ட கதைதான்.

மூணாவது பட்டி. டிங்கர் வேலையில பட்டி பூசுறது தப்பு கிடையாது, பள்ளத்தைச் சமன் பண்ணத்தான் அது. ஆனா துருவுக்கு மேல பட்டி பூசி, அதுக்கு மேல பச்சைப் பெயிண்ட், அதுக்கு மேல வெள்ளை நட்சத்திரம் போட்டா, உள்ள இருக்கிற புத்து நோய் போயிடுமா? ரெண்டு மழையில பட்டி வீங்கும், நாலு மழையில உதிரும். அப்ப வண்டி "பார்ட்டி மாத்தி" வேற ஒருத்தர் தலையில இருக்கும்.

நாலாவது எஞ்சினை மாத்துறது. வேற கார் எஞ்சின், வேற கியர்பாக்ஸ். அப்புறம் அந்த வண்டிக்கு எந்த மெக்கானிக்கும் பொறுப்பு எடுக்க மாட்டான், ஏன்னா அது எந்த வண்டின்னே அவனுக்குத் தெரியாது. சட்டமும் இதுக்கு எதிரா இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்லுது? ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற விவரத்துக்கு மாறா, கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாச் சொல்லியிருக்கு. முன்னாடி மாட்டுற அந்தப் பெரிய இரும்புக் கம்பிக்கும் 2017லயே மத்திய அரசு தடை சொல்லிடுச்சு. நம்ம ஆளுங்க வாங்கின உடனே முதல் வேலையா அதைத்தான் மாட்டுறாங்க.

ஹரியானாவுல மண்டி டப்வாலின்னு ஒரு ஊரு இந்த மாதிரி ஜீப்பு கட்டுறதுக்கே பேர் போனது. அங்க இருக்கிற தொழிலாளிங்க கைத்திறனை நான் மதிக்கிறேன். தகரத்தை வளைச்சு பாடியே செய்றது லேசான காரியம் இல்லை. கேக்கிறவங்க என்ன கேக்கிறாங்களோ அதைத்தான் அவங்க செய்து குடுப்பாங்க. கேக்கிறவங்க புத்தி சரியா இருக்கணும்.

சரி, நீ என்னதான் செய்யச் சொல்றேன்னு கேப்பீங்க. பழைய ஜீப்பை வீட்டிலயே நிமித்தணும்னா வேலைக்கு ஒரு வரிசை இருக்கு. அந்த வரிசையைப் பார்த்தாலே யாரு நிஜமா செய்றாங்க, யாரு ஷோ காட்டுறாங்கன்னு தெரிஞ்சிடும்.

முதல்ல சேஸ். வண்டியைக் கழுவி, அடியில படுத்து, சின்னச் சுத்தியலால ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் தட்டிக்கிட்டே வரணும். நல்ல இரும்பு ணங்குன்னு பேசும். அரிச்ச இரும்பு டொக்குன்னு சொல்லும். சேஸ் பெட்டி மாதிரி உள்ளே கூடா இருக்கும். சேறு உள்ள போய்த் தங்கி, ஈரம் பிடிச்சு உள்ளேயிருந்துதான் அரிக்கும். தண்ணி வடியிற ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணணும். அரிச்ச இடத்தை வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துக்குத் தகடு வச்சு வெல்டு பண்ணணும். இந்த ஒரு வேலையை மட்டும் நல்ல கைகாரன் கிட்டதான் குடுக்கணும், நாமளா செய்யக் கூடாது.

ரெண்டாவது பிரேக்கும் ஸ்டியரிங்கும். வீல் சிலிண்டர் ரப்பரு, ஹோஸ், இரும்புக் குழாய், லைனிங். டிரம்மைக் கழட்டினா உள்ள எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு பாருங்க. கசிஞ்சிருந்தா ஆயில் சீல் போயிடுச்சு. அதை மாத்தாம லைனிங் மட்டும் மாத்தினா காசு வீண். அப்புறம் முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா கிங்பின்னோ பேரிங்கோ வேலை கேக்குது. ஓடறதுக்கு முன்னாடி நிக்கத் தெரியணும். இது வண்டிக்கும் பொருந்தும், மனுசனுக்கும் பொருந்தும்.

மூணாவதுதான் எஞ்சின். பழைய டீசல் எஞ்சினை எடுத்தவுடனே பிரிச்சுப் போடாதீங்க. ஸ்டார்ட் ஆகலைன்னா நூத்துக்கு எண்பது தடவை விசயம் சின்னதா இருக்கும். ஹீட்டர் பிளக் காயலை, டீசல்ல தண்ணி, இல்லைன்னா லைன்ல காத்து. காத்து எடுக்கிறது பத்து நிமிச வேலை. ஃபில்டர் மேல இருக்கிற திருகைத் தளர்த்திட்டு, கைப்பம்பை அடிச்சுக்கிட்டே இருக்கணும். முதல்ல நுரையா வரும். நுரை நின்னு சுத்தமா டீசல் வந்தா முறுக்கிடலாம். அப்பவும் எடுக்கலைன்னா நாசில் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிச்சுப் பார்க்கணும். ஆனா டீசல் பீச்சுற இடத்துல கையை நீட்டாதீங்க. நாசில் அழுத்தம் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், விளையாட்டு கிடையாது. கரும்புகை வந்தா ஏர் ஃபில்டரைப் பாருங்க, நாசிலைக் கழட்டி டெஸ்ட்டுக்குக் குடுங்க. நீலப்புகை வந்தா எஞ்சின் ஆயில் எரியுது. வெள்ளைப்புகை நிக்காம வந்து, ரேடியேட்டர்ல தண்ணியும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகப்படுங்க. புகையே பேசும், கேக்கத் தெரிஞ்சா போதும்.

நாலாவது ஒயரிங். எலி கடிச்சதையும் டேப் சுத்தினதையும் மொத்தமா எடுத்துட்டு, ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ் வச்சுப் புதுசா இழுங்க. இந்த வண்டிக்கு இருக்கிற ஒயரு ஒரு சின்ன வீட்டு ஒயரிங்கை விடக் குறைச்சல்தான்.

கடைசியா பெயிண்ட். காசு மிச்சமிருந்தா.

பட்டணத்துல பெரும்பாலும் இது தலைகீழா நடக்குது. பெயிண்ட் முதல், சேஸ் கடைசி, இல்லைன்னா சேஸ் பக்கமே போறதில்லை.

அப்புறம் பராமரிப்பு. இது ஒரு தடவை செய்து முடிச்சுட்டுப் போட்டோ எடுக்கிற வேலை கிடையாது. மாசம் ஒரு தடவை கிரீஸ் கன்னை எடுத்துக்கிட்டு அடியில படுக்கணும். ஷாக்கில், ஜாயிண்ட் கிராஸ், ஸ்டியரிங் முனை, ஒவ்வொரு நிப்பிளும். பழைய அழுக்கு கிரீஸ் வெளிய பிதுங்கிப் புது கிரீஸ் தலை காட்டுற வரைக்கும் அடிக்கணும். ஓடைத் தண்ணியில சக்கரம் முங்கினா அன்னைக்கே சாயங்காலம் ஹவுசிங் ஆயிலைப் பார்க்கணும். மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிடுச்சு, அப்பவே மாத்திடணும். வேலை இல்லாத மாசத்துல வாரம் ஒரு நாளாவது அந்த நாலு சக்கரக் கம்பியைப் போட்டு மண் தரையில நூறு அடி ஓட்டணும். சும்மா கிடந்தா உள்ள எண்ணெய் வத்தித் துரு ஏறும். தார் ரோட்டுல போட்டு ஓட்டாதீங்க, வளைவுல முன்னும் பின்னும் ஒண்ணை ஒண்ணு முறுக்கிக்கிட்டுப் பல்லு போயிடும். ஏர்கண்டிஷன் போட்ட ஷெட்ல துணி போர்த்தி வைக்கிற வண்டிக்கு இதெல்லாம் யாரு செய்யப் போறா? மாடும் ஜீப்பும் ஒண்ணு. கட்டிப் போட்டே தீனி போட்டா கால் மடங்கிடும்.

இதுல இன்னொரு கணக்கு இருக்கு. பட்டணத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு இது கண்ணுல படாது. ஏழு ஜீப்பு இருந்தப்ப டவுன்ல சாமான் கடைக்காரர் கிராஸ், சீல், லைனிங் எல்லாம் இருப்பு வச்சிருந்தார். லேத் பட்டறையில புஷ்ஷு கடைஞ்சு குடுக்க ஆளு இருந்துச்சு. எங்க மேஸ்திரிக்கு வாரம் ரெண்டு ஜீப்பு வேலை வரும், கூட ஒரு பையன் தொழில் கத்துக்கிட்டிருந்தான். இப்ப ரெண்டு ஜீப்புக்காகக் கடைக்காரர் ஏன் சாமான் வாங்கிப் போடணும்? பையன் செல்போன் கடைக்குப் போயிட்டான். ஒவ்வொரு வண்டி ஊரை விட்டுப் போறப்பவும் மிச்சமிருக்கிற வண்டியோட ஆயுசும் குறையுது. இன்னொரு பக்கம், ஷோவுக்கு வாங்குறவங்க குடுக்கிற விலையைப் பார்த்துட்டு சந்தையில பழைய ஜீப்பு விலை ஏறிடுச்சு. மேல சிற்றூர்ல ஒருத்தன் இன்னைக்கு ஜீப்பு வாங்கணும்னா அவனால முடியாது. அவனுக்கு அது தேவை, உங்களுக்கு அது ஆசை. ஏலத்துல ஆசைதான் ஜெயிக்குது.

எதிர்ப் பேச்சு பேசறவங்க சொல்றதையும் கேட்டுக்குவோம்.

"அந்த வண்டி புகை கக்குது, பூமிக்குக் கேடு." உண்மைதான், புது எஞ்சின் அளவுக்குச் சுத்தம் கிடையாது. ஆனா நல்ல நாசிலும் சுத்தமான ஃபில்டரும் இருக்கிற எஞ்சின் கண்ணு எரியற மாதிரி கரும்புகை விடாது. என் வண்டி வருசத்துக்கு ஓடுறது உங்க வண்டி ரெண்டு மாசத்துல ஓடுற தூரம்தான். பட்டண நெரிசல்ல இதை ஓட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டா நானும் கை தட்டுவேன்.

"பாதுகாப்பு இல்லையே." இல்லைதான். ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. அதனாலதான் இதை நாலு வழிச் சாலையில 100ல ஓட்டாதீங்கன்னு சொல்றேன். மண் பாதையில 20ல போறதுக்கான வண்டி இது. அந்த மூஞ்சியும் வேணும், வேகமும் வேணும், பாதுகாப்பும் வேணும்னா புது தார் வாங்கிக்கோங்க. அதுல எல்லாமே இருக்கு. மலைக்காரன் வண்டியை ஏன் பறிக்கிறீங்க?

"நாங்க வாங்கலைன்னா காயலாங்கடைக்குத்தான் போகும்." இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். கேட்பாரில்லாம கிடந்த வண்டியைத் தூக்கிட்டுப் போய், சேஸ்ல இருந்து ஒவ்வொரு போல்ட்டா பார்த்து, கம்பெனி அளவுலயே நிமித்தி, இன்னைக்கும் காட்டுல ஓட்டுற பட்டணத்துப் பிள்ளைகளும் இருக்காங்க. அவங்களாலதான் சில பாகங்கள் இன்னும் சந்தையில கிடைக்குது. அவங்களுக்கு நான் விரோதி கிடையாது, என் பட்டறை ஸ்பேனரை எடுத்துக் கையில குடுப்பேன். நான் பேசறது நல்லா ஓடுற வண்டியை வாங்கி ஓடாம ஆக்குறவங்களைப் பத்தி.

சர்க்காரையும் சும்மா விட முடியாது. 2021ல பழைய வண்டிகளைப் பத்தி ரெண்டு ஏற்பாடு வந்துச்சு. ஒண்ணு, தானா முன்வந்து வண்டியை உடைக்கக் குடுக்கிற திட்டம். உடைச்ச சர்டிபிகேட் காட்டினா புது சொந்த வண்டி வாங்குறப்ப சாலை வரியில 25 சதவீதம் வரைக்கும் சலுகை. இன்னொண்ணு, 50 வருசம் தாண்டிய வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஆனா அந்த வண்டியை ரோட்டுல அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பந்தயம், டீசல் போடப் போறது மாதிரி காரியத்துக்கு மட்டும். நடுவுல நிக்கிற எனக்கு என்ன? ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயா இருந்தது 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருசம் தாண்டின வண்டிக்கு 2025ல 10,000 ஆக்கிட்டாங்க. மேல பசுமை வரி.

இதோட அர்த்தம் என்ன? பழைய வண்டின்னா ஒண்ணு உடைச்சுப் போடு, இல்லைன்னா கண்ணாடிப் பெட்டியில வை. வேலை செய்ற பழசுக்கு இந்த நாட்டுல இடம் கிடையாது. பரிசோதனை பண்ணு, பிரேக்கைப் பாரு, புகையை அள, சரியில்லைன்னா நிறுத்துன்னு சொல்லட்டும், நியாயம். வயசைப் பார்த்தே அபராதம் போடுற மாதிரி கட்டணத்தை ஏத்தினா, நல்லா வச்சிருக்கிறவனுக்கும் நாசமா வச்சிருக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

இதே மத்திய அரசுலதான் 2022 டிசம்பர்ல நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'ன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம்னு நாலு வகை. வாங்கின பொருளை வாங்கினவனே சரி பண்ணிக்க வழி இருக்கணும், கம்பெனி அந்த விவரத்தை மறைக்கக் கூடாதுங்கிறது அதோட சாரம். நல்ல யோசனை. நான் அவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: அந்த உரிமை இரும்பா உருவம் எடுத்தா எப்படி இருக்கும்னு பார்க்கணுமா? பழைய ஜீப்பு பானெட்டைத் திறந்து பாருங்க.

கடைசியா, ஜீப்பு வாங்க எங்க பக்கம் கிளம்பி வர்ற தம்பிங்க, தங்கச்சிங்க வண்டிக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி உங்களை நீங்களே இந்த நாலு கேள்வி கேட்டுக்கோங்க.

ஒண்ணு, இந்த வண்டி இப்ப யாருக்கு உழைக்குது? அதை எடுத்துட்டுப் போனா அங்க யாரு நடக்கணும்? ஓடாம கிடக்கிற வண்டியே எத்தனையோ தோட்டத்துல புல்லு முளைச்சு நிக்குது. அதைத் தேடுங்க.

ரெண்டு, கிரீஸ் கன்னை எடுத்துக்கிட்டு நீங்களே அடியில படுப்பீங்களா? சட்டை அழுக்காக மாட்டேன்னா வேற வண்டி பாருங்க.

மூணு, கம்பெனி குடுத்த எஞ்சினு, டயரு, நாலு சக்கர இழுவை, இது மூணையும் அப்படியே வச்சிருப்பீங்களா?

நாலு, வருசத்துல பத்து நாளாவது இது மண்ணுல இறங்குமா?

நாலுக்கும் ஆமான்னா தாராளமா வாங்குங்க. எந்த இடத்துல என்ன பார்க்கணும்னு நானே கூட வந்து சுத்தியலால தட்டிக் காட்டுறேன். ஒண்ணுக்காவது இல்லைன்னா, அந்தக் காசுக்கு ஜீப்பு படம் ஒண்ணு பெருசா பிரேம் போட்டு வரவேற்பறையில மாட்டிக்கோங்க. அதுக்கு ஆயில் மாத்த வேண்டாம், எஃப்.சி. வேண்டாம், பார்க்கிறவங்களும் அதே அளவு ஆச்சரியப்படுவாங்க. மேல சிற்றூர்ல இருக்கிற ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்கும் ஒரு வண்டி மிச்சமாகும்.

திட்டுறதுன்னாலும் கீழ எழுதுங்க, பதில் சொல்றேன். அடுத்த பதிவுல இலவம்பஞ்சு விலை ஏன் இப்படி விழுந்து கிடக்குன்னு பேசுவோம்.